மீட்டருக்கு எத்தனை துடிப்பு

மோரைக் குடித்துக்கொண்டே வீபே ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கிறார். "அந்தம்மா இடது குதிகாலைத் தேய்ச்சுத் தேய்ச்சு நடக்குறாங்க. சக்தி வீண் செலவு," என்கிறார். மதியச் சாப்பாட்டு மேஜையில் எங்களுக்கு இது பழகிவிட்டது. லேவார்டன் நகரில் எங்கள் மறுவாழ்வு மையத்தில், பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகள் நடப்பதற்கு எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று அளப்பது அவர் வேலை. கையில் இதயத்துடிப்பு காட்டும் கடிகாரத்தைக் கட்டி நடக்கவிட்டு, மீட்டருக்கு இதயம் எத்தனை முறை துடிக்கிறது என்று பார்ப்பார். துடிப்பு குறைந்தால் அந்தப் பிள்ளை பிடித்து நடக்கும் சக்கரச் சட்டம், அதாவது வாக்கர், சரியானது; கூடினால் வேண்டாம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற மனிதர். பிறந்தநாள் கேக்கைக்கூட அடிக்கோல் வைத்து வெட்டுவார்; எனக்கு எரிச்சலாக வரும்.

ஒன்பது வயது நின்கேக்கு, முதுகுக்குப் பின்னால் இழுத்துவரும் வாக்கர்தான் சரி என்று மூன்று முறை அளந்து முடிவு செய்தார். கூடத்தில் நிமிடத்துக்கு நூற்று முப்பது துடிப்புதான். பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுதோறும் நான்கு மாலைகள் ஊரைச் சுற்றி நடக்கும் நான்கு மாலை நடை வந்தபோது, கடைசி நாளின் கடைசி அரைக் கிலோமீட்டரை நானே நடப்பேன் என்று அவள் அடம்பிடித்தாள். நூற்று எழுபதைத் தாண்டினால் சக்கர நாற்காலி என்று வீபே நிபந்தனை போட்டார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நானும் போனேன்.

தெருவின் இருபுறமும் கைதட்டல், பூங்கொத்துகள். நின்கேயின் கைக் கடிகாரத்தில் நூற்று ஐம்பது. நூற்று அறுபத்திரண்டு. வீபே குழம்பிப்போனார். அதே வாக்கர், அதே சமதரை. குனிந்து சக்கரத்தில் மணல் சிக்கியிருக்கிறதா என்று பார்த்தார்.

"கால் இழுக்குதா?"

"இல்ல."

"மூச்சு வாங்குதா?"

"இல்லப்பா!"

"அப்புறம் ஏன் ஏறுது?"

"எனக்கென்ன தெரியும்? மாரிட் முன்னாடி போறா, விடு!"

வகுப்புத் தோழி மாரிட் பத்தடி முன்னால், இந்த நடையில் எல்லாப் பிள்ளைகளும் செய்வதுபோல எலுமிச்சம்பழத்தில் செருகிய மிட்டாய்க் குச்சியை உறிஞ்சியபடி திரும்பிப் பழிப்புக் காட்டினாள்.

நூற்று எழுபத்தொன்று. நின்கேயை நிறுத்தினோம். "இது கஷ்டமா, குஷியா? இந்தக் கருமம் பிரிச்சுக் காட்ட மாட்டேங்குதே," என்று வீபே என்னைக் கேட்டார். எனக்குப் பயமாக இருந்தது. நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

நின்கே கடிகாரப் பட்டையைப் பல்லால் பிய்த்தெடுத்து அவர் கையில் சுற்றினாள். "இப்ப உனக்குப் பாரு."

மூவரும் பார்த்தோம். எங்களோடு மெதுவாக வந்து, இப்போது சும்மா நின்றுகொண்டிருந்தவருக்கு நூற்று நாற்பத்தெட்டு.

"வீபே, நீ உக்காந்துக்கிறியா?"

அவர் நாற்காலியை மடக்கித் தன் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு அவள் பின்னால் நடந்தார்.