கடைத்தெருவில் ஓடிய ஆறு

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அறைக்குள் வந்த அத்தை முதலில் பார்த்தது என் விரல்களை. அவை நீலமாக இருந்தன. பிறகுதான் மேசையைப் பார்த்தாள்.

மேசையில் இருந்தது ஓர் ஊரின் வரைபடம். அப்படி ஓர் ஊர் எங்கும் கிடையாது. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. விளையாட்டுகள் தயாரிக்கும் ஒரு கம்பெனி, வேலை கேட்பவர்களைக் கற்பனை ஊர் ஒன்றை வரைந்து அனுப்பச் சொல்லியிருந்தது. பார்த்தால் உள்ளே நடந்து போகலாம் போல ஆழம் தெரிய வேண்டும் என்பது நிபந்தனை.

அத்தை, அப்பாவின் தங்கை, பதினாறு நாள் வரைந்தாள். முன்னால் இருந்த ஓட்டுக்கூரைகளுக்குத் தடித்த கோடு, அடர்ந்த மை. பின்னால் போகப்போக மையில் தண்ணீர் கூடியது. வீடுகள் ஒன்றையொன்று பாதி மறைத்தன. கடைசியில் ஒரு குன்று, அதன் உச்சியில் மேகங்களைக் கயிற்றில் கட்டிவைத்த கோபுரம். கடைத்தெருவில் யாளி பூட்டிய வண்டி.

“இல்லாத ஊருக்கு மேப்பு போடவா உன்ன காலேஜுக்கு அனுப்பினேன்? அங்க வழி தெரியாம யாரு முழிக்கிறா?” என்பார் அப்பா.

மயிலாடுதுறையில் கூரியர் கடை ஐந்து மணிக்கு மூடும். அன்றுதான் கடைசி நாள்; அனுப்ப முடியாவிட்டால், அப்பா பார்த்துவைத்திருந்த திருச்சி மாப்பிள்ளைக்கு அத்தை சரி சொல்லிவிட வேண்டும். அண்ணன் தங்கைக்குள் அப்படிப் பேச்சு.

நான் கெஞ்சிக் கேட்டதால் ஆற்றுக்கு நீலம் தீட்டும் வேலை எனக்குக் கிடைத்தது. “மேலேருந்து கீழ வரணும். கோட்டத் தாண்டாத” என்று சொல்லிவிட்டு அத்தை குளிக்கப் போனாள்.

படத்தில் இரண்டு வெள்ளைப் பட்டைகள் இருந்தன. ஒன்று குன்றிலிருந்து தாளின் அடிவரை இறங்கியது. மற்றது இடமிருந்து வலமாகக் குறுக்கே போனது. எங்கள் ஊரில் மேலத்தெரு மேற்கே, கீழத்தெரு கிழக்கே. காவிரியும் மேலேயிருந்து வந்து கீழே கடலுக்குப் போகிறது. பள்ளிக்கூட வரைபடத்தில் மேற்கு இடப்பக்கம். மலையிலிருந்து இறங்கும் ஆற்றை நான் பார்த்ததே இல்லை. அதனால் குறுக்கே போன பட்டைதான் ஆறு என்று நினைத்து, கடைத்தெரு முழுக்க நீலம் தீட்டினேன். கோட்டைத் தாண்டவில்லை.

“ஏண்டி, கடைத்தெருவுல தண்ணிய விட்டுட்டியே!”

“மேலேருந்து கீழதான அத்தை விட்டிருக்கேன்?”

சத்தம் கேட்டு அப்பா வந்தார். “ஊரே முழுகிப் போச்சா? திருச்சிக்குப் போன் போட்டுடவா?”

“போடாதீங்கண்ணே.”

அத்தை பேனாவை எடுத்தாள். சக்கரங்களைச் சுற்றி ஒரு வளைகோடு இழுத்து வண்டியைப் படகாக்கினாள். யாளி நீந்தியது. குன்றிலிருந்து இறங்கிய வெள்ளைப் பட்டைக்குள் குறுக்குக் கோடுகள் போடத் தொடங்கினாள். அடியில் நீளமாக, விரலளவு இடைவெளி விட்டு. மேலே ஏற ஏறக் குறுகலாக, நெருக்கமாக, மெலிதாக. ஆற்றுக்கு இறங்கும் படித்துறை வந்தது. கோபுரம் சட்டென்று வெகுதூரம் போய்விட்டது.

அப்பா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். “உச்சிக்கு ஏற எவ்வளவு நேரம் ஆகும்?”

“ஏறிப் பாத்தாதான் தெரியும்.”

நாலே காலுக்கு அப்பாவே ஸ்கூட்டரை உதைத்தார். ஈரம் காய நான் விசிறியிருந்தேன். நான் போட்ட ஆறு சென்னைக்குப் போகிறது என்று தெரு முழுக்கச் சொன்னேன். வேலை கிடைத்தால் அத்தை எங்கே இருப்பாள் என்று யாரையும் கேட்கவில்லை.

வேலை கிடைத்தது. ஆறாவது வாரம் அத்தை ரயிலேறினாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவள் சேர்ந்தாற்போல் தங்கியது, அதிகமாகப் போனால், நான்கு நாள்.