கரண்ட் போன கடைசிக் காட்சி

எண்பதுகளில் ஒரு பௌர்ணமிச் சாயங்காலம். கிரிவலப் பாதையில் நடந்து களைத்து, அடி அண்ணாமலை டீக்கடையில் உட்கார்ந்தேன். காதில் பீடி செருகியிருந்த கடைக்காரர், டீ கிளாஸைக் கொடுக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, "மெட்ராஸுங்களா?" என்றார்.

தலையாட்டினேன். விசாரணை தொடங்கியது. டிவியில் செவ்வாய்க்கிழமை நாடகம் ஒன்றில், ஓடிப்போன மகன் திரும்பி வந்து கதவைத் தட்டும்போது இங்கே கரண்ட் போய்விட்டதாம். அதை மறுபடி போடவேயில்லை. அன்றிலிருந்து மெட்ராஸ்காரர் யார் வந்தாலும் முடிவைச் சொன்னால்தான் டீ.

நல்லவேளை, நான் பார்த்திருந்தேன்.

"அப்பா கதவைத் தொறந்து, 'சாப்பிட்டியா'ன்னு கேட்டாரு. அவ்ளோதாங்க."

அவர் முகம் தொங்கிப்போனது.

"இன்னா சார், இவ்ளோ சப்புனு சொல்றீங்க! அப்பா அருவாள எடுத்துட்டாருன்னு தாம்பரத்துக்காரரு சொன்னாரு. வந்தது பையனே இல்ல, போலீஸுன்னு ஒரு மாம்பலத்து அம்மா சொன்னாங்க. நீங்க வேற எதையோ பாத்துட்டு வந்து சொல்றீங்க."

டீ கைக்கு வந்தது, சர்க்கரை ரொம்பக் கம்மியாக. அவர் அடுத்த ஆளிடம் திரும்பி, "மெட்ராஸுங்களா?" என்றார்.

மீதி மலையைச் சுற்றி முடிக்கும்வரை எனக்கும் அதே யோசனைதான். அந்த அப்பா அருவாளை எடுத்திருக்கலாம்.