பழைய ஃபோன் யாருக்கு?

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவனுக்கு ‘அப்டேட்’ என்று பெயர். வைத்தவர் சூப்பர்வைசர். உலகத்தின் எந்த மூலையில் புது ஃபோன் வெளியானாலும் சரி, மறுநாள் காலை கருவிப்பையைத் தோளில் மாட்டும்போதே அதன் கேமரா, சிப், பேட்டரி எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவான். கேட்டாலும் சொல்வான், கேட்காவிட்டாலும் சொல்வான். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தவரின் முகம் அவனுக்கு நினைவில் நிற்காது. அவர் கையில் இருந்த மாடல் நிற்கும்.

வருடத்துக்கு ஒருமுறை ஃபோன் மாற்றுவான். ஆனால் அதைத் தனக்காகச் செய்வதாக ஒருநாளும் சொன்னதில்லை. அவன் கணக்கே வேறு. புதுசு அவனிடம் வரும். அவனுடையது மனைவிக்குப் போகும், மனைவியுடையது மைத்துனனுக்கு, மைத்துனனுடையது மாமனாருக்கு. “நான் ஒண்ணு வாங்கினா நாலு பேருக்குப் புதுசு” என்பான். சொல்லும்போது, குடும்பத்துக்காக மாடாய் உழைக்கிறவனின் பெருமூச்சு ஒன்றும் கூடவே வரும். மாற்றுகிற நாளில் நாலு ஃபோனும் சாப்பாட்டு மேஜையில் பரப்பிக் கிடக்க, பக்கத்தில் யாரையும் அண்ட விடமாட்டான். அன்று அந்தக் குடும்பத்தை யார் கூப்பிட்டாலும் பதில் கிடைக்காது.

இந்தத் தடவையும் அப்படித்தான் ஆரம்பித்தது. புது மாடலின் வெளியீட்டு விழாவை அவன் பார்த்து முடித்த மறுநாளே மனைவியின் ஃபோனுக்கு நோய் கண்டது. பேட்டரி ரொம்ப இறங்குகிறதே என்று வருத்தப்பட்டான். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, நடுங்குகிற கைகள் ஸ்டியரிங்கைப் பிடிப்பதையே பார்ப்பவள். யார் எந்தப் பக்கம் ஒடிக்கப் போகிறார்கள் என்பது ஒடிக்கிறவருக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். பேட்டரி ஒன்றும் இறங்கவில்லையே என்று மட்டும் சொன்னாள். அது அவன் காதில் ஏறவில்லை. ஆர்டர் போட்டுவிட்டான்.

பார்சல் வருகிற அன்று ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வேலை. லிஃப்டின் கதவு பாதி மூடி நின்றுவிடுகிறது என்று புகார். லிஃப்ட் போகிற குழிக்குள் சிக்னல் கிடையாது. அப்டேட்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு ஸ்க்ரூவை முடுக்குவான், மொட்டை மாடிக்கு ஏறுவான், பார்சல் எதுவரை வந்திருக்கிறது என்று பார்ப்பான், இறங்குவான். முடுக்கிய ஸ்க்ரூவையே மறுபடி முடுக்குவான். லிஃப்டைச் சரிசெய்ய வந்தவன் படியேறி மூச்சு வாங்குவதைப் பார்த்து வாட்ச்மேனுக்கே பாவமாகப் போய்விட்டது. வீட்டில் யாருக்காவது பிரசவமா என்று விசாரித்தார். இல்லை, புது ஃபோன் வருகிறது என்றான். யாருக்கு என்று கேட்டார்.

“வீட்டுல அவளுக்கு” என்றான் அப்டேட், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்தபோது பெட்டி மேஜைமேல் இருந்தது. ஷூவைக்கூடக் கழற்றாமல் கையை நீட்டினான். அதற்குள் மனைவி எதிரே வந்து நின்றாள்.

“பிரிக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். இந்தத் தடவை நான் மாத்தலை.”

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தான். அவள் விளையாடவில்லை. ஒவ்வொரு வருடமும் ஒரு ஃபோன் கைக்குப் பழகி வரும்போதே அது பிடுங்கிக்கொண்டு போகப்படுகிறது என்றாள். எழுத்தின் அளவிலிருந்து அலாரம்வரை எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. போன வருடம் மாற்றிய மறுநாள் அலாரம் அடிக்காமல், லைசென்ஸ் டெஸ்டுக்குத் தான் கூட்டிப்போக வேண்டிய பெண் தெருமுனையில் அழுதுகொண்டு நின்றாள். இப்போதுதான் இது தன்னுடையது என்று ஆகியிருக்கிறது, யாரும் இதைத் தொடக் கூடாது.

அவன் வேகம் என்றான், கேமரா என்றான். பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பவரைப் பார்க்கிற மாதிரி அவனைப் பார்த்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

பெட்டியைக் கையில் எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். பிரிக்காதே என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் பிரிக்க முடியவில்லை. அவள் பழசை வாங்கிக்கொள்ளாவிட்டால் இந்தப் புதுசு எதற்கு வந்தது?

இது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. பிள்ளைகள் நிறைந்த வீட்டில் பிறந்தவன் அவன். ‘எனக்கு வேணும்’ என்று வாய் திறந்த பிள்ளைக்கு அங்கே பேராசைக்காரன் என்ற பட்டமும் கடைசிப் பங்கும்தான் கிடைக்கும். அதனால் அவன், தம்பிக்குப் பசிக்கிறதாம் என்று போய் நிற்பான். தம்பிக்கு ஒன்று கொடுப்பார்கள், தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு ஒன்று கொடுப்பார்கள். வயிற்றை நிறைத்த வித்தையை யார்தான் மறப்பார்கள்? ஆள் வளர்ந்தான், கல்யாணம் ஆயிற்று, தம்பி இருந்த இடத்தில் மனைவி வந்தாள்.

மறுநாள் வேலையில் கை ஓடவில்லை. மதியம் படிக்கட்டில் உட்கார்ந்து மைத்துனனைக் கூப்பிட்டான். அக்காவை விட்டுவிடலாம், என்னுடையதை நேராக நீயே எடுத்துக்கொள் என்று தாராளமாகச் சொன்னான்.

“கோவிச்சுக்காதீங்க மாமா. நான் போன மாசமே ஒண்ணு வாங்கிட்டேன்.”

சொல்லியிருந்தால் ஏன் இந்த மாடல், ஏன் இப்போது என்று கேட்டுத் துளைத்திருப்பீர்கள், அதனால்தான் சொல்லவில்லை என்றான். சரி, அப்பாவுக்காவது ஆகுமே என்றான் அப்டேட். மைத்துனன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மிச்சத்தையும் கொட்டினான். மாமனார் இன்றுவரை பட்டன் ஃபோனில்தான் பேசுகிறார். மாப்பிள்ளை அனுப்பியதெல்லாம் உபயோகிக்காமல் அலமாரியில் அடுக்கி இருக்கிறது. மாப்பிள்ளை வருகிறார் என்று தெரிந்தால் மேலே இருப்பதை எடுத்து, சார்ஜ் போட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். போன தடவை தவறிப்போய் முந்தின வருடத்து ஃபோனை வைத்துக்கொண்டு, சாயங்காலம்வரை நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருந்தார்.

“உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் மாமா” என்றான் மைத்துனன்.

அப்டேட்டுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு வந்த வெட்கம் போகவே இல்லை. முன்பின் தெரியாதவன் கையில் இருக்கிற மாடலைச் சொல்கிறவனுக்கு, எதிரே உட்கார்ந்திருந்த மாமனார் சட்டைப்பையில் இருந்தது எந்த வருடத்து ஃபோன் என்று தெரியாமல் போயிருக்கிறது. கொடுத்தாகிவிட்டது என்ற நிம்மதியில் அவன் அந்தப் பக்கம் பார்த்ததே இல்லை. இத்தனை வருடம் யார் யாருக்குத் தயவு செய்தார்கள் என்று யோசிக்க யோசிக்க உட்கார முடியவில்லை. எழுந்து படியில் ஏறினான், எதற்கு ஏறுகிறோம் என்று தெரியாமல் பாதியில் திரும்பி இறங்கினான்.

மாலையில் மனைவி மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெட்டி அங்கேயே இருந்தது. எதிரே உட்கார்ந்து, யாருக்கும் வேண்டாமாம் என்றான். அலமாரி விஷயத்தையும் சொன்னான். அவள் ஆச்சரியப்படவில்லை. எல்லோருக்கும் தெரிந்த கதைதான், அவனிடம் யார் சொல்வது என்றுதான் அத்தனை பேரும் முழித்துக்கொண்டிருந்தார்களாம்.

“அப்ப திருப்பி அனுப்பிடலாமா?” என்றாள். குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள்.

அவன் பெட்டியைப் பார்த்தான். அனுப்பிவிடலாம், எந்தத் தடையும் இல்லை. அவனுடைய ஃபோனில் ஒரு குறையும் கிடையாது, அது அவனுக்கே தெரியும். பேட்டரி, வேகம், குடும்பம் என்று வழக்கமாகச் சொல்கிறது எல்லாம் வாய்வரை வந்து திரும்பிப் போயிற்று. அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

“வேணாம்” என்றான். “எனக்கு வேணும்.”

குரல் சின்னப் பையனுடையது மாதிரி மெலிந்து வந்தது. சொன்ன பிறகு தலையைக் குனிந்துகொண்டான். திட்டு விழும் என்றே எதிர்பார்த்தான்.

“இதை அப்பவே சொல்லியிருந்தா எங்கப்பா அலமாரியில துணி வெச்சிருப்பாரு” என்றபடி அவள் மேஜையில் இருந்த கத்தியை அவன் பக்கம் தள்ளினாள்.

பெட்டியில் கீறல் விழாமல் டேப்பை மெதுவாக அறுத்தான். அவள் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, இதில் என்னதான் இருக்கிறது என்று கேட்டாள். அவன் சொன்னான். உனக்கு உதவும், அப்பாவுக்கு உதவும் என்று ஒரு வார்த்தை இல்லை. கேமரா பிடித்திருக்கிறது, கையில் கனமில்லாமல் உட்காருகிறது, பார்த்ததிலிருந்து ஆசையாக இருந்தது என்றான்.

கேட்டுக்கொண்டே அவள் அவனுடைய பழைய ஃபோனை எடுத்துத் துணியால் துடைத்தாள். கீறல்கூட இல்லாத ஃபோன்.

“அப்ப இது? இதை யாருக்குக் குடுக்கப் போறீங்க?”

அவன் அதை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டான்.

“இதுவும் எனக்கே இருக்கட்டும்.”