உறுமினால் ஒரு முட்டை

நாய் குளிப்பாட்டும் தொழிலுக்கு மூன்று முதலீடு வேண்டும்: நல்ல சீப்பு, கிழிந்தாலும் மனசு வருத்தப்படாத சேலை, நாயை வளர்ப்பவர்கள் எது சொன்னாலும் "ஆமாங்க" என்று சொல்லும் வாய்.

நான் படித்தது எட்டாவது. மகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது, மகன் பெங்களூரில் இருக்கிறான். சாமி கும்பிட்டது போக மிச்ச நேரத்துக்குக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று, நாமக்கல்லில் ஒரு கடையில் வேலை பழகிக்கொண்டேன். இப்போது வீடு வீடாகப் போய் நாய்களுக்கு முடி வாரி, நகம் வெட்டி, குளிப்பாட்டி விடுகிறேன். காலையில் ஆஞ்சநேயரைக் கும்பிட்டு, கத்தரிக்கோலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கிளம்புவேன். அதனால் கடி குறைந்ததாகச் சொல்ல முடியாது. கடிக்கும்போது சாமி பெயர் சட்டென்று வாயில் வருகிறது, அவ்வளவுதான். அடுத்தவர் வீட்டுச் செல்லத்திடம் கடி வாங்கி, "அது வெளையாடுதுங்க" என்ற ஆறுதலையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய எல்லோரும் என் சொந்தக்காரர்கள்தான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பசித்த பிள்ளை

தங்கராசு முட்டை வியாபாரி. அவர் வீட்டு நாயின் பெயர் டாலர். கோல்டன் ரெட்ரீவர் ஜாதி. குளிர் நாட்டுக்கென்று ஆண்டவன் கொடுத்த ரோமத்தைச் சுமந்துகொண்டு நாமக்கல் வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. காது ஓரத்தில் முடி சடை பிடித்து, தேங்காய் நார் மாதிரி கெட்டியாகி, அடியில் புண் வந்து வாடை அடித்தது. "காலாண்டு லீவுக்கு ஹாஸ்டல்ல இருந்து புள்ளை வர்றதுக்குள்ள இது சுத்தமாகோணும். இல்லீன்னா புதுச்சத்திரத்துப் பண்ணையில கொண்டு போயிக் கட்டிருவேன்" என்று தங்கராசு முதல் நாளே சொல்லிவிட்டார். கோழிப்பண்ணையில், ஈ மொய்க்க, இந்த ரோமத்தோடும் புண்ணோடும் சங்கிலியில் கிடந்தால் டாலர் அடுத்த வெயில் காலத்தைப் பார்க்காது. அது எனக்குத் தெரிந்தது. டாலருக்குத் தெரியவில்லை.

சீப்பை வைத்தேன். "உர்ர்" என்றது. உடனே அவர் மனைவி கோமதி அடுப்படியிலிருந்து ஓடிவந்து, அவித்த முட்டை ஒன்றை அதன் வாயில் போட்டார். குடோனில் விரிசல் விட்ட முட்டையெல்லாம் ட்ரே ட்ரேயாக வீட்டுக்குத்தான் வரும், பஞ்சமே இல்லை. மறுபடியும் சீப்பு. மறுபடியும் உறுமல். மறுபடியும் முட்டை. "ஏனுங்க அம்முணி, உறுமறப்பவெல்லாம் குடுத்தா, உறுமறதுக்குத்தான் குடுக்கறாங்கன்னு அது நெனைச்சுக்காதுங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன். கோமதி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அது பசியில உறுமுதுங்கக்கா. வெறும் வயித்துல யாருதான் தலைசீவ உக்காருவாங்க?"

நல்ல நாள்

முடிதான் ஆகவில்லை, நகமாவது வெட்டலாம் என்றால் அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை வீட்டில் நகம் வெட்டினால் லட்சுமி போய்விடுவாள். நானும் அப்படி நம்புகிறவள்தான், வாதாட முடியவில்லை. சனிக்கிழமை ஆஞ்சநேயருக்கு விரதம். ஞாயிறு பிள்ளையின் போன் வரும் நாள். செவ்வாய் கூடவே கூடாது. திங்கட்கிழமை அமாவாசை. புதன்கிழமை கோமதியின் அண்ணன் வீட்டில் சீர். இதற்குள் டாலரின் நகம் வளைந்து, டைல்ஸ் தரையில் சலங்கை கட்டியது மாதிரி சத்தம் போட ஆரம்பித்திருந்தது.

"அப்பப் பேசாம வியாழக்கெழமை வாரேனுங்க" என்றேன்.

கோமதி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ, வேண்டாங்க! வியாழன் டாலரு பொறந்த கெழமை!"

ஞாயிற்றுக்கிழமை போன்

இவர்களின் ஒரே மகள் யாழினி ஏழாவது படிக்கிறாள், பெரிய பள்ளிக்கூடத்து ஹாஸ்டலில். வீட்டிலிருந்து பஸ்ஸில் போனால் ஒரு தூக்கம் போடுவதற்குள் பள்ளிக்கூடம் வந்துவிடும். ஆனாலும் பிள்ளை வீட்டில் இருந்தால் படிப்பு கெட்டுவிடுமாம். பிள்ளை போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது என்றுதான் டாலரை வாங்கினார்கள். அவளுடைய அறையில், அவளுடைய ஏசியில், அவளுடைய கட்டிலில் இப்போது டாலர் படுக்கிறது. படிப்பு கெடும் என்ற பயம் அதற்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஹாஸ்டலில் போன் பேச விடுவார்கள். அன்றைக்கு நான் டாலரின் முதுகை மட்டுமாவது வாரிவிடலாம் என்று போராடிக்கொண்டிருந்தேன். கோமதி ஒரு கையில் போனும் மறுகையில் முட்டையுமாக நின்று, "டாலரு உறுமுனா உடனே முட்டை குடுத்தாகோணும் கண்ணு, அப்பத்தான் அடங்குது" என்று மகளிடம் பெருமையாகச் சொன்னார். ஸ்பீக்கரில் யாழினி குரல் கேட்டது.

"நானும் இங்க உறுமிப் பாத்துட்டேன்மா. உப்புமாதான் வருது."

பயிற்சி

மயக்க ஊசி போட்டு முடியை எடுக்கலாம் என்றார் மாட்டாஸ்பத்திரி டாக்டர். "எந்திரிக்காமப் போயிட்டா?" என்று கோமதி அழுததில் அந்தப் பேச்சு நின்றது. பிறகு சேலத்திலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். பையில் எலும்பு உருவத்தில் பிஸ்கட். "சிட்" என்றார். டாலர் அவரைப் பார்த்தது, பிஸ்கட்டைப் பார்த்தது, பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி உறுமியது. முட்டை வந்தது. அவர் பிஸ்கட் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"இதுக்கு நான் எதுக்குங்க? நாய் ஏற்கெனவே உங்க ஊட்டுல எல்லாருக்கும் ட்ரெயினிங் குடுத்து முடிச்சிருச்சு."

வலி தெரியாத வழி

அந்த வாரமே அது நடந்தது. தங்கராசு பாசமாகக் காதைத் தடவப் போய், சடைக்கு அடியில் இருந்த புண்ணில் விரல் பட்டுவிட்டது. டாலர் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது. பெரிய கடி இல்லை. ஆனால் கட்டுப் போட்ட கையோடு அவர் கடைத்தெருவுக்குப் போய் இரும்புச் சங்கிலி வாங்கி வந்து வாசலில் மாட்டினார். பண்ணை மேனேஜரிடம், பிள்ளை லீவுக்கு வரும் அன்றைக்குக் காலையில் வேன் அனுப்பச் சொல்லியாகிவிட்டது. நாய்க்காக நான் பரிந்து பேசினேன். "யாழினி வந்து நாயைத் தேடி அழுவாளேங்க தம்பி?"

"அவ வர்றதுக்கு முந்தியே அனுப்பிட்டா, அவ அழறதை நாய் பாக்காதுல்லங்க" என்றார்.

விரதம்

புரட்டாசி பிறந்தது. ஊருக்கெல்லாம் முட்டை அனுப்பும் வீட்டில், அந்த மாதம் ஒரு முட்டைகூட வாசற்படி தாண்டி உள்ளே வராது. குடோனில் லாரி லாரியாக ஏற்றலாம். அது வியாபாரம், பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சீப்பை வைத்தேன். டாலர் உறுமியது. அடுப்படியைப் பார்த்தது. கோமதி வெறுங்கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இன்னும் சத்தமாக உறுமியது. ஒன்றும் வரவில்லை. அன்று காலை முழுவதும் உறுமியது. நான் சீப்பை மடியில் வைத்துக்கொண்டு ராம நாமம் சொல்லிக்கொண்டிருந்தேன். தொண்டை வறண்டு அது வாயை மூடியதும், கோயிலில் உடைத்த தேங்காயில் ஒரு சில்லு கொடுத்தேன். திரும்ப உறுமியது, நான் ராமனிடம் திரும்பினேன். சும்மா இருந்தது, தேங்காய். இப்படியே தினமும் போய், ஒரு வாரத்தில் சீப்பு முதுகில் ஓடியது. அடுத்த வாரம் காதுச் சடை கத்தரிக்கோலுக்கு வந்தது. புண்ணைக் கழுவி மருந்து போட்டபோது முனகியதே தவிர, பல் காட்டவில்லை. நகமும் வெட்டினேன், புதன்கிழமை பார்த்து.

கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாருங்கக்கா, வாயில்லா சீவன்கூட புரட்டாசி விரதம் இருந்து கோவத்தை உட்டுருச்சு." நான் "ஆமாங்க" என்றேன்.

லீவு நாள் காலையில் வேன் வந்து நின்றது. மேனேஜர் சங்கிலியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். தங்கராசு வெளியே வந்து, டாலரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். கடிபட்ட கையையே நீட்டிக் காதைத் தொட்டார். எனக்கு ராம நாமமும் மறந்துவிட்டது. டாலர் அந்தக் கையை மோந்து பார்த்து, அவர் காலடியில் மல்லாந்து படுத்தது. அவர் நிமிர்ந்து மேனேஜரை அதட்டினார்.

"நின்னுக்கிட்டே இருந்தா எப்பிடி? தீவன மூட்டைய ஏத்திக்கிட்டுக் கெளம்பு!"

இன்னொரு தலை

மத்தியானம் யாழினி பெட்டியோடு வந்து இறங்கினாள். டாலர் பாய்ந்து அவளைக் கீழே தள்ளிவிட்டது, இரண்டும் உருண்டன. கோமதி மகளைக் கட்டிக்கொள்ளக் குனிந்தவர் நின்றுவிட்டார். தலை முழுக்கச் சிக்கு. ஹாஸ்டல் தண்ணீரில் முடி முறுக்கேறி, உள்ளே பேனும் ஈரும். "ஏனுங்கக்கா, சாமான் பைய இன்னும் மூடலைதானுங்களே? அப்பிடியே இவளுக்கும் ஒரு சீப்புப் போட்டு உட்டுருங்க" என்று சொல்லிவிட்டு, பிள்ளைக்குப் பிடித்த பணியாரம் சுட உள்ளே போய்விட்டார். வேறு நல்ல சீப்பு எடுத்து, பிள்ளையை என் முன்னால் உட்கார வைத்துச் சிக்கெடுத்தேன். வலித்திருக்கும். வாயே திறக்கவில்லை. டாலர் அவள் மடியில் தலை வைத்துத் தூங்கியது. "வலிச்சாச் சொல்லு சாமி" என்றேன். அவள் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்:

"டாலரு அமைதியா இருந்ததாலதானே அப்பா அதை அனுப்பலை? நானும் அமைதியாத்தான இருக்கறேன் பாட்டி, அப்பாகிட்டச் சொல்றீங்களா?"

சொன்னேன், அவர் சிரித்தார், லீவு முடிந்ததும் பிள்ளை ஹாஸ்டலுக்குப் போனாள், நாய் வீட்டில் இருக்கிறது, இரண்டு தலையிலும் சிக்கெடுத்தது நான்தான் என்று தொழில் பெருமை பேசிக்கொண்டு நானும் இருக்கிறேன்.