தெரெந்தி தொட மறுத்த பயனெட்

தெரெந்தியோடு ஒரே படைக் கொட்டடியில் வருஷக்கணக்காகப் படுத்தெழுந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவனைப் போல ஒரு பிடிவாதக்காரனை விஸ்துலா ஆற்றின் இரண்டு கரையிலும் பார்க்க முடியாது. தம்போவ் பக்கத்துக் குடியானவன். பெண்டாட்டி கிடையாது, குடியும் கிடையாது. கால்கா என்கிற கறுப்புப் பெட்டைக் குதிரைதான் அவனுக்கு எல்லாம்.

நாங்கள் திராகூன்கள். குதிரையில் போவோம், இறங்கச் சொன்னால் இறங்கிக் காலாட்படை மாதிரி சண்டை போடுவோம். அதனால் கொசாக்குக் குதிரைப்படைக்கு இல்லாத பயனெட்டை, துப்பாக்கி முனையில் மாட்டுகிற குத்துக்கத்தியை, எங்கள் தலையில் கட்டியிருந்தார்கள். வாளுறையோடு சேர்ந்து தொங்கும். குதிரை ஓடும்போதெல்லாம் விலாவில் இடிக்கும். மற்ற குதிரைகள் பொறுத்துக்கொண்டன. கால்காவுக்குத் தோல் உரிந்துவிட்டது. அந்தக் கோபத்தில் ஒருநாள் நம் தெரெந்தி ஐயா பயனெட்டை ஆற்றில் வீசிவிட்டார். தொலைந்துபோயிற்று என்று புளுகி, அதற்காகக் காவலறையில் அடைபடும் தண்டனையையும் அனுபவித்துவிட்டு வந்தார்.

புதியது வருவதற்குள் சுடும் தேர்வு வந்துவிட்டது. தேறாதவன் குதிரையை விட்டுவிட்டு, சாமான் ஏற்றும் வண்டிப் பிரிவுக்குப் போக வேண்டும். தலையில் அடித்துக்கொண்டு என் பயனெட்டை அவனிடம் நீட்டினேன்.

"இத மாட்டிக்கிட்டு சுடுடா. நம்ம துப்பாக்கிக்குக் குறி சரிபாத்து வச்சதே இத மாட்டித்தான். இல்லேன்னா குண்டு எங்கயாவது போகும்."

"கொசாக்குக்காரன் இது இல்லாமத்தான சுடுறான்? அவன் குண்டு மட்டும் நேரா போகுதாக்கும்?"

"அவன் துப்பாக்கிக்கு வெறுமனயே குறி சரிபாத்துக் குடுத்திருக்காங்கடா, மடையா. கால்காவ நெனச்சாவது மாட்டு."

"அவளுக்காகத்தான் சொல்றேன். அந்த எழவ இனிமே தொடமாட்டேன்."

தொடவில்லை. ஒரு குண்டுகூடக் குறிப்பலகையில் படவில்லை. சாயங்காலமே கால்காவை, புதிதாகச் சேர்ந்திருந்த மிகேயிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

தெரெந்தியின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லாயத்துக்குப் போனால், மிகேயின் பக்கத்தில் குந்தியிருந்தான். பூட்ஸுக்குள் சுற்றுகிற தன் கால்துணியைக் கழற்றி, மிகேயின் பயனெட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"இப்படி இறுக்கிக் கட்டிக்கோ தம்பி. அவளுக்கு இடிக்காது" என்றான்.

இந்தத் துணி இத்தனை நாளும் உன் காலில்தானேடா இருந்தது என்று கேட்டேன்.

"அப்ப கோவந்தான்டா வந்துச்சு" என்றான், முடிச்சை இழுத்துப் பார்த்தபடி. "யோசன வரல."

வெறுங்காலைப் பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டு, கால்காவைத் திரும்பிப் பார்க்காமல் வண்டிப் பிரிவுக்கு நடந்தான்.