பெண் வீட்டார் வந்த அன்று போர் காய்ந்தது

என் பையனுக்குப் பார்த்த பெண் மீஞ்சூர். பெண்ணின் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எம் பொண்ணு கொடம் தூக்கக் கூடாது." நான் முந்திக்கொண்டு, "எங்க ஊட்டு போர்ல தண்ணி வத்துனதே இல்லம்மா" என்று போனில் சொல்லிவிட்டேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். வாயை நிறுத்தத்தான் தெரியவில்லை.

அவர்கள் வீடு பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டாரைப் போட்டேன். உர்ரென்றது. காத்துதான் வந்தது. அணைத்து அணைத்துப் போட்டதில் மோட்டார் சூடானதுதான் மிச்சம். மாடி டேங்க்கில் எட்டிப் பார்த்தால் அடியில் சேறு.

"தண்ணி லாரிக்குப் போன் பண்ணேன்யா," என்றாள் மனைவி.

"பண்ணிட்டேன். நாளைக்குத்தானாம்."

வீட்டில் இருந்தது ஒரு கேன் குடிதண்ணி. சமைத்தது போகக் கால் கேன் நின்றது.

எங்கள் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள் பிடித்தால்தான் சாப்பிடுவார்கள். சாப்பிட்டால் கை கழுவணும். கை கழுவக் குழாயைத் திறப்பார்கள். அதனால் அவர்கள் சாப்பிடவே கூடாது என்று சாமி படத்துக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன்.

"இன்னாய்யா முணுமுணுக்கிற?"

சொன்னேன்.

"அடப்பாவி! சாப்புடலன்னா பொண்ணு இல்லன்னு அர்த்தம்யா. பெத்த புள்ள கல்யாணத்துக்கு நீயே வேட்டு வெக்கிறியா?"

உடனே வேண்டுதலை மாற்றினேன். சாமியே குழம்பிப்போயிருக்கும்.

ஐந்து பேர் வந்தார்கள். ஒவ்வொரு அறையாகப் பார்த்தார்கள். எங்கெல்லாம் குழாய் இருந்ததோ அங்கெல்லாம் நான் அதை மறைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் பெண்ணின் அப்பா தன் மனைவியைப் பார்த்தார், அந்தம்மா தலையாட்டினார்.

"எலய போடுங்க," என்றார் பெண்ணின் அப்பா. என் மனைவிக்கு முகமெல்லாம் பல்.

அவர் நேராகப் பின்பக்கம் போய்க் குழாயைத் திருகினார். புஸ்ஸென்றது.

"கரண்ட் இல்லீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருப்பேன். கூடத்து ஃபேன் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"போர் காஞ்சிபோச்சிங்க. இன்னிக்கிக் காலையிலதான். வத்தாதுன்னு நான் சொன்னது..."

பின்னால் வந்து நின்ற பெண்ணின் அம்மா என்னையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப கொடம் யாரு தூக்குவாங்க?"

"நானும் எம் புள்ளயும் தூக்குறோம்மா." யோசிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது.

அந்தம்மா சமையலறையில் இருந்த தண்ணிக் கேனைக் கைகாட்டினார். "சரி, அந்தக் கேன எடுத்தாந்து கையில ஊத்துங்க சம்பந்தி. பசிக்குது," என்றார்.

ஊற்றினேன். ஊற்றிய அவசரத்தில் பாதி அவர் கையில் விழுந்தது, பாதி என் காலில்.

"பாத்து ஊத்துய்யா!" உள்ளிருந்து மனைவி கத்தினாள். "இன்னும் நாலு பேரு கீறாங்க!"