ஒன்பது மணி போட்

எர்ணாகுளத்தில் எனக்கு வேலை. மட்டாஞ்சேரியிலிருந்து ஒன்பது மணி போட்டைப் பிடிக்க, விடிந்ததிலிருந்தே ஓட்டம்தான். ஒருநாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் படகுத்துறைக்கு விரைந்தபோது, துறையை ஒட்டியுள்ள நர்சரியின் ஆயா, "சேச்சி, மோள் எவிடே?" என்றாள்.

என் நாலு வயது மகளை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தேன்! மண்ணெண்ணெய் ஸ்டவ்வை அணைத்தேனா என்பதும் நினைவில்லை. அழுதுகொண்டே திரும்பி ஓடிக் கதவைத் திறந்தேன். நல்லவேளை, ஸ்டவ் அணைந்திருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகிலேயே உட்கார்ந்திருந்தவள், "என்னாலே போட் போயாச்சாம்மா?" என்று பயந்தபடி கேட்டாள்.

தினமும் நான் விரட்டிய விரட்டு அப்படி.

இப்போது அவள் கையைப் பிடித்த பிறகுதான் பூட்டைத் தொடுகிறேன். சில நாள் போட் என்னை விட்டுவிட்டுப் போய்விடும். ஆபீசில் ஒரு முறைப்பு கிடைக்கும், அவ்வளவுதான். துறையில் நின்று இருவரும் அதற்கு டாட்டா காட்டுகிறோம்.